யமுனைக்கு அருகே இருப்பவர்கள் வெள்ள முன்னறிவிப்பு வரைபடத்தில் எந்த அடுக்கைப் பார்ப்பது? அதன் தரவு நமக்குக் கிடைக்குமா?

பார்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை. தரவு கிடைப்பது, ஆறு எது என்பதைப் பொறுத்தது. யமுனை என்றால் ஐரோப்பியர்களின் கணிப்பு முழுதாகக் கிடைக்கும். நம் நாட்டு நீரோட்ட அளவீடு கிடைக்காது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிற இடம் அதுதான்.

நீங்கள் மயூர் விஹார் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டெல்லியில் இருந்துகொண்டு யமுனையைப் பற்றித் தமிழில் கேட்பவர் வேறு எதற்குக் கேட்கப்போகிறார்? தரகர் "வெள்ளமா, இங்கேயா?" என்று சிரித்திருப்பார். நீங்கள் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்திருப்பீர்கள். ஏதோ ஒரு வரைபடத்தில் அந்தப் பகுதி முழுக்க நீலமாக இருந்திருக்கும்.

நான் நீரியல் படித்தவன் அல்லன். காஷ்மீரி கேட் அருகே ஒரு பாடநூல் விநியோக நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். கணக்குப்பிள்ளைக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கருத்துப் பகுதியில் எழுதவிருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். 2023 ஜூலையில் எங்கள் பேஸ்மென்ட்டில் நடந்ததைப் படித்துவிட்டு எழுதினால் போதும்.

முதலில் அந்த நீலம். குளோஃபாஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தில் ஒரு பகுதி, உலகின் பெரிய ஆறுகளுக்கு 2018 முதல் முறையாக இயங்குகிறது. அதில் "நூறாண்டு வெள்ள அபாயம்" என்றொரு அடுக்கு உண்டு. அது முன்னறிவிப்பே அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளம் வந்தால் எங்கெல்லாம் நிற்கும் என்று ஒருமுறை கணக்கிட்டு வைத்த படம். இன்றும் அதே நீலம், அடுத்த மாதமும் அதே நீலம். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைகளை அது கணக்கில் எடுப்பதில்லை. இதைப் படம் பிடித்து "டெல்லி மூழ்கப்போகிறது" என்று குடியிருப்போர் குழுவில் போடுபவர்கள் ஒவ்வொரு ஆடி ஆவணிக்கும் வருகிறார்கள்.

இன்றைய கணிப்பு வேண்டுமென்றால் அந்த அடுக்கை அணைத்துவிட்டு, அறிக்கைப் புள்ளிகள் என்ற அடுக்கைத் திறக்க வேண்டும். ஆற்றின் மேல் சிறு குறிகள் வரும். ஒன்றை அழுத்தினால் ஒரு வரைகோடு திறக்கும். ஐம்பத்தொரு கணிப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டி, அவை எங்கெங்கே போகின்றன என்று காட்டுவார்கள். முதல் சில நாட்களுக்குக் கோடுகள் ஒட்டி நடக்கும், பிறகு விசிறிபோல விரியும். விரிந்த பகுதியை வைத்துக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். பின்னணியில் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பட்டைகள் இருக்கும்: முறையே இரண்டு, ஐந்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய ஓட்டம்.

நம் மத்திய நீர் ஆணையத்தின் தளத்திலும் மஞ்சள், சிவப்பு உண்டு. ஆனால் பொருளே வேறு. அங்கே நிறம் ஓட்டத்துக்கு அல்ல, அளவுகோலில் நீர் நிற்கும் உயரத்துக்கு. டெல்லி பழைய ரயில் பாலத்தில் எச்சரிக்கை மட்டம் 204.50 மீட்டர், அபாய மட்டம் 205.33. எச்சரிக்கையைத் தொட்டால் மஞ்சள், அபாயத்தைத் தொட்டால் ஆரஞ்சு, அதுவரை கண்ட உச்சத்தைத் தொட்டால்தான் சிவப்பு. அந்த உச்சம் இப்போது 208.66. அதனால் 2025 செப்டம்பரில் யமுனை 207.48 வரை ஏறி யமுனா பஜார் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோதும் விதிப்படி அது ஆரஞ்சுதான். சிவப்பு வரவில்லையே என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், டெல்லிக்குள் நான் நம்புவது நம் ஆணையத்தின் அந்த ஒற்றைப் புள்ளியைத்தான். இந்தியாவில் அறிவியல் முறையிலான வெள்ள முன்னறிவிப்பு 1958-இல் தொடங்கியதே அந்தப் பாலத்தில்தான். ஐரோப்பியத் தளம் உலகத்தைக் கட்டங்களாக வெட்டிக் கணக்கிடுகிறது. ஒரு கட்டம் இப்போது சுமார் ஐந்து கிலோமீட்டர், 2023 வெள்ளத்தின்போது பத்து. எந்த மதகு திறக்கவில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மேலே இமாச்சலத்தில் என்ன கொட்டப்போகிறது என்று ஒரு வாரம் முன்னால் மோப்பம் பிடிக்க அது. நாளை காலை படிக்கட்டில் எத்தனை படி நனையும் என்பதற்கு நம் ஆணையத்தின் புள்ளி.

இனி என் கதை.

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. ஆற்றின் மேற்பகுதியில், ஹரியானாவில் உள்ள ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வினாடிக்கு 3.59 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அங்கிருந்து டெல்லிக்கு வந்துசேர இரண்டு, மூன்று நாள். எங்கள் பேஸ்மென்ட்டில் தரையிலிருந்து கூரை வரை பாடநூல் கட்டுகள், பள்ளிகள் திறந்த நேரம். சரக்கை மேலே ஏற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கையில் இன்னொரு கணக்கு வைத்திருந்தார். "2019-இல் எட்டேகால் லட்சம் விட்டார்கள், மதராசி பாபு. நம் வாசல் நனையவில்லை. இதில் பாதிகூட இல்லை, இதற்குப் போய் ஆள்கூலி கொடுக்கச் சொல்கிறாயே" என்றார்.

அவர் சொன்ன எண் தப்பில்லை. 2019 ஆகஸ்டில் விட்டது 8.28 லட்சம். அந்த முறை டெல்லியில் ஆறு ஏறிய உச்சம் 206.60. ஆனால் இந்தச் செவ்வாய் இரவிலேயே பாலத்து அளவுகோல் 206.60-ஐத் தாண்டிவிட்டது, பெரிய நீர் இன்னும் வழியில் இருக்கும்போதே! கன அடிக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மேலே எவ்வளவு விட்டார்கள் என்பது ஒன்று, நம் தெருவில் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது வேறு. நடுவில் மண்மேடு தட்டிய ஆற்றுப்படுகை இருக்கிறது, வரிசையாகப் பாலங்கள் இருக்கின்றன, டெல்லிக்குள்ளேயே ஐ.டி.ஓ. தடுப்பணை இருக்கிறது. அந்த ஆண்டு அதன் 32 மதகுகளில் ஐந்து சேற்றில் சிக்கித் திறக்கவில்லை. நான் முதலாளியிடம் விரிவுரை நடத்தவில்லை. ஆணையத்தின் வரைகோட்டைக் கைபேசியில் திறந்து, 2019-இன் உச்சம் எங்கே, இந்த நிமிடம் எங்கே என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கணக்குப் பேரேடுகளையும் புதுப் பாடநூல்களையும் மட்டும் ஏற்று, பழையது கிடக்கட்டும்" என்றார்.

விழுப்புரத்துத் தம்பிகள் இருவர் எங்கள் கிடங்கில் இருக்கிறார்கள். அவர்களும் நானும் செவ்வாய் இரவும் புதன் பகலும் ஏற்றினோம். புதன்கிழமை ஆறு 1978-இன் பழைய சாதனையான 207.49-ஐக் கடந்தது. அன்றிரவு நீர் வந்தது, வாசல் வழியாக அல்ல. பேஸ்மென்ட்டின் மூலையில் ஒரு சாக்கடை மூடி உண்டு. இரும்பு மூடி தானாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கடகடவென்று ஆடியது. விளிம்பில் கறுப்பாக நுரை, அதில் ஒரு ஷாம்பு பாக்கெட். தெருவில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆற்றுக்குள் விழ வேண்டிய சாக்கடை, ஆறு உயர்ந்ததால் எங்களிடம் திரும்பிவிட்டது. எந்த வரைபட அடுக்கிலும் அந்த மூடி கிடையாது. வியாழன் மாலை ஆறு 208.66-ஐத் தொட்டபோது கீழே விட்டுவைத்த பழைய கட்டுகள் அத்தனையும் ஊறிப்போயிருந்தன. ஏற்றியது தப்பியது. பிறகு முதலாளி, சரக்கு தப்பியது தம் மருமகனின் சமயோசிதத்தால் என்று மார்க்கெட் முழுக்கச் சொன்னதாகக் கேள்வி. போகட்டும்.

காப்பீட்டுக்கு வந்த மதிப்பீட்டாளர், இது வெள்ளம் அல்ல, கட்டடத்தின் கசிவு என்று ஆரம்பித்தார். ஆற்றின் உயரம் மணிவாரியாக என்ன என்று நான் கைபேசியில் பிடித்துவைத்திருந்த திரைப்பிடிப்புகளைக் காட்டினேன். உயரம் சரி, ஓட்டம் எவ்வளவு, முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு, அதற்கு அரசுத் தரவு உண்டா என்றார். தேட ஆரம்பித்தேன். யமுனை கங்கைப் படுகையைச் சேர்ந்தது. கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா எல்லாம் எல்லை தாண்டும் ஆறுகள். அவற்றின் நீரோட்டத் தரவு ரகசிய வகை. 2018-இல் திருத்திய தரவுக் கொள்கையும் அப்படித்தான் வைத்திருக்கிறது. முறையாக விண்ணப்பித்து, ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்கும் ஆராய்ச்சியாளருக்குத்தான் வழி. ஒரு பேஸ்மென்ட்டுக்கு அல்ல.

தேசப் பாதுகாப்பு விஷயத்தில் வாய் வைக்கிறான் என்று யாரும் பாய வேண்டாம். அண்டை நாட்டோடு நீர்ப்பங்கீடு பேசும் அரசுக்குக் காரணங்கள் இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. அதே அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்.-இல் முசிறியில் காவிரி எவ்வளவு ஓடியது என்று பல பத்தாண்டுக் கணக்கை இந்த நாற்காலியில் இருந்தே பார்க்கிறேன். என் மாமனார் ஊர் ஆறு எனக்குத் திறந்திருக்கிறது. என் கிடங்குக்குள் வந்த ஆறு பூட்டியிருக்கிறது.

ஊர் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் சென்னை மூழ்கியபோது டெல்லித் தமிழர்கள் போர்வையும் பால்மாவும் மூட்டை கட்டி அனுப்பினோம். 2023-இல் ஊரிலிருந்து எனக்கு வந்த ஒரே தொலைபேசி சித்தப்பாவுடையது. பழைய யமுனைப் பாலத்தை மூடிவிட்டார்களாமே, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடுகிறதா என்று கேட்டார். அந்த ரயில் அந்தப் பாலத்தைத் தொடுவதே இல்லை.

தரவுக்கு வருகிறேன். குளோஃபாஸின் கணிப்புகளையும் 1979 முதலான பழைய ஓட்டக் கணக்கையும் யாரும் இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் இவை கோப்பர்நிக்கஸின் முன்னெச்சரிக்கைத் தரவுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. கணக்குத் தொடங்கி, உரிமத்தை ஒப்புக்கொண்டு, தேதியையும் நான்கு எல்லைகளையும் கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் வரும். கிரிப் என்ற வடிவத்தில் வரும். எக்ஸெல் அதைத் திறக்காது, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் திறக்கும். எனக்கு என் அக்கா மகள் பைத்தானில் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். டபிள்யூஎம்எஸ் என்ற, வரைபடத்தைப் படமாக அனுப்பும் இணைப்பு வழியாக அடுக்குகளை உங்கள் வரைபடத்தில் இழுத்துக்கொள்ளவும் முடியும், ஆனால் அதில் வருவது நிறம், எண் வராது. எண்கள் கன மீட்டரில் இருக்கும், செய்தித்தாளின் கன அடியோடு ஒப்பிட 35.3-ஆல் பெருக்குங்கள். இவை கணினி கணக்கிட்ட ஓட்டம், ஆற்றில் அளந்தது அல்ல. மதிப்பீட்டாளரும் இதைத்தான் சொல்லித் தள்ளிவிட்டார். அளந்த உயரம் என் திரைப்பிடிப்புகளில் இருந்ததால்தான் கடைசியில் ஒரு பகுதித் தொகையாவது வந்தது. ஆகவே ஆறு ஏறும் நாட்களில் ஆணையத்தின் வரைகோட்டைத் தேதி, நேரத்தோடு படம் பிடித்து வையுங்கள்.

வெள்ளம் வந்தபின் எங்கே நின்றது என்பதற்கு இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் அடுக்குகள் கிடைக்கும். நீங்கள் பார்க்கும் வீட்டுத் தெருவை 2023 ஜூலைப் படத்தில் தேடிப் பாருங்கள். தரகரிடம் அந்தக் கட்டடத்தின் கார் நிறுத்தம் தரைக்குக் கீழே இருக்கிறதா, அதன் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று இங்கேயே எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.