கதையும் கலையும் சமூக நீதிக்கு எவ்வாறு துணை நிற்கின்றன?

ஒருவருடைய மதிப்பும் வாய்ப்பும் அவர் பிறந்த குடும்பத்தைப் பொறுத்து அமையக் கூடாது என்பதே சமூக நீதி. இன்னார் இன்ன வேலைக்குரியவர் என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த கதைகளில்தான் பாகுபாடு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அணையில் நீரைத் திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் அது கடைமடைக்கு எட்டாது. சட்டம் தரும் உரிமையும் அப்படித்தான், அதற்காக மனங்களில் தூர்வாரும் வேலையைக் கலை செய்கிறது.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்த இக்கருவி, பிற்காலத்தில் சாவு வீட்டுக் கட்டாய ஊழியமாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. அந்த ஊழியத்தை மறுத்துப் பறையையே கைவிட்டவர்கள் உண்டு. அது முற்றிலும் நியாயமான மறுப்பு. வேறு சிலர், அதே தோலைத் தீயில் காய்ச்சி, அதை அடிக்கும் அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்ற இரு குச்சிகளோடு மேடையேறி, இது எங்கள் கலை என்று அறிவித்தார்கள். இன்று பெண்களும் பிற சாதி இளைஞர்களும் அதை விரும்பிக் கற்கிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இழிவென்று சொல்லப்பட்ட ஒன்றை ஓர் ஆசானிடம் பணிந்து கற்கும்போது, பழைய கதை வலுவிழக்கிறது.

மேடையில் கைதட்டினாலே சாதி ஒழிந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் கட்டாய ஊழியம் வாங்குவதை வன்கொடுமைக் குற்றமாக வரையறுத்தது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதை நிறைவேற்றும் பொறுப்பு அரசுடையதே தவிரக் கலைஞர்களுடையது அன்று.