தொப்பூரில் வேகமாக ஓட்டுபவர் கார் பந்தயத்தில் இறங்கலாமா?

கேள்வி: "எனக்கு வயது 31, ஊர் தருமபுரி. தொப்பூர் கணவாயில் இதுவரை என்னை யாரும் முந்தியதில்லை. நான் கார் பந்தயத்தில் கலந்துகொள்ளலாமா? முதல் பந்தயம் எப்படி இருக்கும்?"

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் தொப்பூரை இதற்குத் தகுதியாகச் சொல்லாதீர்கள். நான் கிருஷ்ணகிரிக்காரன். சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில், பிரேக் பிடிக்காமல் வந்த லாரி ஒன்று முன்னால் போன இரண்டு கார்களை நசுக்கியதை நேரில் பார்த்தவன். அங்கே உங்களை யாரும் முந்தவில்லை என்றால், மற்றவர்கள் வீடு போய்ச் சேர நினைத்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் ஒரு காலத்தில் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

ஆசை எனக்கு என் மாமாவிடமிருந்து வந்தது. சென்னையில் படித்தபோது சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர் அவர். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானம் 1990இல்தான் வந்தது, அதற்கு முன்பு எல்லாம் சோழவரம்தான். நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டியபோது, "பாருடா, கோயம்புத்தூர்க்காரப் பையன்" என்று மாமா டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டார். அன்றிலிருந்து எனக்குள் ஊறியது.

பந்தயத்துக்கு ஆர்.டி.ஓ. கொடுத்த லைசென்ஸ் போதாது. பயிற்சிப் பள்ளியில் கற்று, மருத்துவச் சான்றும் வைத்து, நாட்டின் மோட்டார் பந்தயங்களைக் கவனிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பிடம் தனியாகப் போட்டி உரிமம் வாங்க வேண்டும். எனக்கு அது முடியும்போது வயது 33. அந்த வருடம் தோப்புக் குத்தகைப் பணத்தில் என் பங்கு முழுவதும் அதற்கே போனது. "பணக்காரன் விளையாட்டு" என்று கீழே எழுத வருபவர்கள் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்: கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை நம் நாட்டிலேயே கட்டிக் காட்டிய கோவைக்காரர். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்துப் பந்தய மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் அந்தக் கதவைத் திறக்காவிட்டால், மாங்காய் ஏற்றி இறக்கும் என்னைப் போன்றவன் அந்தப் பக்கமே போயிருக்க முடியாது. செலவு இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. சொந்தக் கார் வாங்கத் தேவையில்லை, பந்தய அணிகள் வாடகைக்குக் கொடுப்பார்கள்.

செட்டிபாளையம் சுற்று 2.1 கிலோமீட்டர். முதல் பந்தயத்தில் நான் ஓட்டியது எல்.ஜி.பி. ஃபார்முலா என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். ஸ்விஃப்ட்டின் 1300 சிசி எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சக்கரம் நான்கும் வெளியே தெரியும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க நம் வீட்டுக் காரில் இருக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. பெல்ட்டைப் போட்டு மெக்கானிக் இழுத்து இறுக்கினால் மூச்சை அளந்துதான் விட வேண்டும்.

பயிற்சியில் தனியாக ஓட்டும்போது நன்றாகவே ஓட்டினேன். எந்த இடத்தில் பிரேக், எங்கே திருப்புவது என்று தூக்கத்திலும் சொல்வேன். யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் 14ஆவது இடம். சிவப்பு விளக்கு அணைந்தது, பந்தயம் தொடங்கியது. அதுவரை படித்ததெல்லாம் வேறு ஊரில் நடந்தது போல ஆகிவிட்டது. முன்னால் புகையும் மண்ணும். இந்தப் பக்கம் ஒரு கார், அந்தப் பக்கம் ஒரு கார், இரண்டின் டயரும் என் முழங்கைக்குப் பக்கத்தில் சுற்றுகின்றன.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இரண்டாவது சுற்றில் நேர்பாதையில் ஒருவருக்குப் பின்னால் ஒட்டிப் போனேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் நம் கார் தானாகவே கூடுதல் வேகம் எடுக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான் பழகிய அதே இடத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். வழக்கத்தைவிட வேகமாக வந்திருக்கிறோமே, முன்னதாக மிதிக்க வேண்டுமே என்று அந்த நொடியில் தோன்றவில்லை. முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. டயரிலிருந்து வெள்ளையாகப் புகை. அவருடைய பின்டயர் என் மூக்குக்கு நேராக வளர்ந்துகொண்டே வருகிறது. முன்னால் ஓடும் டயரின் பின்முகம் மேல்நோக்கிச் சுழலும், அதில் நம் சக்கரம் பட்டால் காரையே தூக்கி எறிந்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு சாண் இடைவெளியில் தப்பினேன். பூட்டிய டயரில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது. மிச்சப் பந்தயம் முழுவதும் ஸ்டீயரிங்கில் டக டக டக என்று ஒரு அடி. இன்றும் அந்த அதிர்வை உள்ளங்கை மறக்கவில்லை.

அப்புறம் ஐந்தாவது சுற்று. ஒரு வளைவில் உள்பக்கம் மூக்கை நுழைத்துவிட்டேன். பக்கத்தில் ஓட்டுபவர் குறுக்கே திருப்பி வழியை அடைத்திருந்தால் இருவருமே வெளியே போயிருப்போம். அவர் அடைக்கவில்லை. சரியாக ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டு, வெளிப்பக்கமாக என்னோடு சேர்ந்தே திரும்பினார். அடுத்த வளைவு வரை பக்கத்தில் பக்கத்தில். அங்கே உள்பக்கம் அவருக்குக் கிடைத்தது, இப்போது நான் இடம் விட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் கையில் என் உயிர், அவர் உயிர் என் கையில். தனியாக எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இது கிடைக்காது. இதைத்தான் நீங்கள் தொப்பூரில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே அது இல்லை. எதிரில் இருப்பவர் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டு வந்தவர் இல்லை.

பந்தயம் முடிந்து அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது பார்த்தேன், பதினெட்டு வயது இருக்கலாம். தேடிப் போய் நன்றி சொன்னேன். "கண்ணாடியில உங்களப் பாத்துட்டேனுங்ணா, அதான் விட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எனக்குப் பன்னிரண்டாவது இடம்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். உங்கள் சொந்தக் கார் வாரண்டியில் இருந்தால் பந்தயப் பேச்சை சர்வீஸ் சென்டரில் எடுக்காதீர்கள். நான் ஓட்டியது அணியின் வாடகைக் கார். என் வீட்டுக் கார் மைதானத்துக்குள் போனதே இல்லை. ஆனாலும் கிளட்ச் போனபோது, "நீங்க ரேஸ் ஓட்டறவராச்சே சார்" என்று சொல்லி வாரண்டியை மறுத்தார்கள். நான்கு மாதம் அலைந்தேன். மேலாளர் என் முகத்தையே பார்க்கவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

நான் ஓட்டியது மொத்தம் மூன்று பந்தயம்தான். என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் திருத்துங்கள், கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் முதலில் ஒரு பந்தய வாரக்கடைசியில் செட்டிபாளையம் போய், வளைவுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கார் சேர்ந்து திரும்புவதை மட்டும் பாருங்கள். பள்ளியில் சேரும்போது கொடிகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். மஞ்சள் காட்டினால் முந்தக் கூடாது, நீலம் காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது. பந்தயம் முடிந்த அன்றே ஊருக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள், கை கால் நடுக்கம் அடங்க நேரமாகும். என்னை மச்சான்தான் கூட்டி வந்தார். தொப்பூர் ஏறும்போது விழித்துப் பார்த்தால், இடது ஓரமாக லாரிக்குப் பின்னால் நாற்பதில் போய்க்கொண்டிருந்தோம். அப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டேன்.