பண்டிகை நெருங்கும்போது சிலர் வேலைத்தலத்தில் திடீரென உடைந்துபோவது ஏன்?

உயிருக்கு ஆபத்தான அனுபவம் முடிந்த பிறகும் உடம்பு அதிலிருந்து மீளாமல் இருப்பதுதான் உளவடு. இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு வந்தது 2014 ஒக்டோபர் 29இல், தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில். அங்கே தப்பியவருக்குத் தீபாவளி மாதத்து அடைமழையும் ஈரமண் வாசனையும் ஆபத்தின் அறிகுறியாகப் படலாம். மூளையின் எச்சரிக்கைப் பகுதிக்கு வருசக்கணக்கு தெரியாது; சத்தம், வாசனை, காலநிலை ஒத்துப்போனால் போதும். பட்டாசுச் சத்தத்துக்கே கள்ளன் வந்ததுபோல் வான் வண்டியின் அலாரம் அலறுமே, அப்படி.

வேலையில் இது எப்போதும் அழுகையாக வராது. பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் நிறை குறையும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சின்னச் சொல்லுக்கும் சண்டை வரும். சோம்பல் என்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் இன்னும் மோசமாகும்.

ஒருவர் இப்படி உடைந்துபோனால் பின்னாலிருந்து தொடாதீர்கள். அமைதியான இடத்தில் இருத்தி, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடட்டும். பிறகு கண்ணில் படும் 5 பொருள்களின் பெயரைச் சொல்லட்டும். நடந்ததைக் கிண்டிக் கேட்பது, அதுவும் ஆட்கள் முன்னால், வேண்டவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஆதார வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குப் போகலாம், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம்.

‘இத்தனை வருசம் நல்லாத்தானே இருந்தார், இது நடிப்பு’ என்பார்கள்; ஆனால் அறிகுறிகள் வருசங்கள் கழித்தே தலைகாட்டுவதும் உண்டு.