நாற்பது ஏக்கர் வாங்கினால் மானியம் வருமா?

தம்பி, எச்-1பி விசாவில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ப்ளூமிங்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஊருக்கு வெளியே நாற்பது ஏக்கர் மக்காச்சோளக் காடு விலைக்கு வருகிறது, வாங்கிப் போட்டால் அரசு வருடாவருடம் மானியம் தருமாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மானியத்துக்கு முன்னால் ஒன்று. கிரீன் கார்டு இல்லாதவர் இங்கே விளைநிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க விவசாயத் துறைக்கு எஃப்எஸ்ஏ-153 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 1978-இலிருந்தே இருக்கும் சட்டம். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போகலாம். என் நண்பர் ஒருவருக்குப் பத்திரம் முடியும்வரை யாருமே இதைச் சொல்லவில்லை. பின்னால் தெரிந்து பதறிப்போனார்.

இனி மானியம். அது நிலத்தின் சொந்தக்காரருக்கு வருவதில்லை, நட்டத்தைச் சுமப்பவருக்கு வருகிறது. ரொக்கக் குத்தகைக்கு விட்டால் முழுவதும் குத்தகைக்காரருக்குத்தான். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு விட்டால், விளைச்சலைப் பிரிக்கும் அதே விகிதத்தில் மானியமும் பிரியும். இந்தப் பக்கம் பாதிக்குப் பாதி வாரம் பழைய வழக்கம், நம் ஊர் போலவே. ஆனால் கிரீன் கார்டு இல்லாத உங்களுக்கு அதுவும் போதாது. நிலமும் முதலும் போட்டு, வயலில் நீங்களே கணிசமாக உழைத்தால்தான் தகுதி. உங்கள் விசாவில் அது நடக்காது.

கிரீன் கார்டு வந்தபின் அறுபது ஏக்கர் வாங்கினேன். வாரத்துக்குத்தான் விட்டிருக்கிறேன். அறுபதுக்கும் பணம் வரும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பழைய சாகுபடிக் கணக்கை வைத்து நிலத்தோடு பதிந்திருக்கும் 'பேஸ் ஏக்கர்' என்னுடையதில் 52. அதிலும் 85 சதவீதத்துக்குத்தான் பணம். முக்கியத் திட்டம் இரண்டு: ஒன்று விலையைப் பார்க்கும், மற்றது கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின், பயிர் வருவாயைப் பார்க்கும். விலைத் திட்டத்தில் மக்காச்சோளத்துக்கு அடிப்படை விலை புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலராக இருந்தது. 2025 சட்டம் 4.10 ஆக்கியது. முந்தைய வருடங்களின் சந்தை விலையைப் பொறுத்து அந்த வரம்பு சில வருடம் இன்னும் மேலேயும் இருக்கும். நாட்டின் சராசரி விலை அந்த வரம்புக்குக் கீழே போனால்தான் பணம்.

நான் தேர்ந்தது கவுண்டித் திட்டம். ஒரு வருடம் ஆலங்கட்டி மழை என் பயிரைத் தரையோடு சாய்த்துவிட்டது. மற்ற இடமெல்லாம் அமோக விளைச்சல். கவுண்டியின் சராசரி குறையவில்லை, ஒரு டாலரும் வரவில்லை. யார் தவறும் இல்லை, கணக்கே அப்படி. சொந்த வயலின் சேதத்துக்குப் பயிர்க் காப்பீடுதான் துணை. அந்த வருடம் என்னையும் என் வாரக்காரரையும் காப்பாற்றியது அதுதான்.

பணம் வந்தாலும் கைக்குக் கிடைக்க நாளாகும். 2025 அறுவடைக்கானது 2026 அக்டோபரில்தான். அதை நம்பி வங்கித் தவணை போடாதீர்கள். குத்தகையே தவணையைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்கவில்லை என்றால் கிரீன் கார்டு வரும்வரை பொறுங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் பேஸ் ஏக்கர் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இப்போது உழுபவரையும் நேரில் போய்ப் பாருங்கள். இங்கே பல குத்தகைகள் வாய்ப்பேச்சில் வருடாவருடம் தொடர்பவை. இலினாய் சட்டப்படி அவரை நிறுத்தக் குத்தகை வருடம் முடிவதற்கு நான்கு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், அவரையே தொடரச் சொல்லுங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.