வெல்டருக்குக் கேடயம் இருக்கிறது, கையாளுக்கு?

கண் நலம்: வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கிரில் பட்டறையில் கையாளாகச் சேர்ந்திருக்கிறான். போன வாரம் வேலை முடிந்து நன்றாகத்தான் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுப் படுத்தவன், நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது என்று துடித்துவிட்டான். இமையைத் திறக்கவே முடியவில்லை, தண்ணீராக வழிந்தது. பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னார். மறுநாள், பட்டறையில் எல்லோரும் விடும் மருந்து என்று ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தான். விட்ட ஒரு நிமிடத்தில் வலி போய்விடுகிறது. இப்போது வேலைக்குப் போகும்போதும் அதைப் பையில் வைத்திருக்கிறான். தொடர்ந்து விடலாமா, டாக்டர்?
– வாசகி, துவாக்குடி

பதில்: அம்மா, முதலில் அந்தப் புட்டியை அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒரு நிமிடத்தில் வலி போகிறது என்றால், அது பெரும்பாலும் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத்தான் இருக்கும். புட்டியின் மேல் ப்ரோபராகெயின், டெட்ராகெயின், லிக்னோகெயின் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். நாங்களும் பரிசோதனையின்போது இதில் ஒரு சொட்டு விடுவோம். ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம். வலியை நிறுத்தும் அதே மருந்து, வெல்டிங் வெளிச்சம் பட்டு உரிந்த கருவிழித் தோல் மீண்டும் மூடுவதையும் தடுக்கிறது. கண் மரத்துவிட்டால் தூசி விழுந்தாலும் தெரியாது, கசக்கினாலும் தெரியாது, இமைப்பதும் குறைந்துவிடும். நாள் கணக்கில் விட்டால் கருவிழி புண்ணாகி, கரைந்து, ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் தானே ஆறிவிடும். இந்த மருந்தால் கெட்ட கண்ணுக்குச் சில சமயம் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. இதைச் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைகள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பைச் சட்டென்று குறைத்துக் காட்டும்; தொற்று இருந்தால் உள்ளே அதை வளர்த்துவிடும். நம் பகுதியில் கருவிழியில் பூஞ்சைத் தொற்று அதிகம் என்பதால் இந்த அபாயமும் அதிகம்.

சரி, அன்றிரவு நடந்தது என்ன? வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டதும் எழும் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் கருவிழியின் மேல்தோல் உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது ஒன்றும் தெரியாது. அந்தத் தோலின் செல்கள் மெல்லச் செத்து உதிர்வதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதிகம் பட்டிருந்தால் அதற்கு முன்பேகூடத் தொடங்கும். உதிர்ந்ததும் அடியில் இருக்கும் நரம்பு முனைகள் வெளியே வந்துவிடும். பகலில் பட்டது நடுராத்திரியில் வலிப்பது இதனால்தான். இப்படி வருபவர்களின் கண்ணில் மஞ்சள் சாயம் தோய்த்த தாள் நுனியைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்போம். இமைகள் மூடாமல் திறந்திருக்கும் நடுப்பட்டையில் மட்டும் பச்சை நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னும். ஒவ்வொரு புள்ளியும் தோல் உதிர்ந்த இடம். இரண்டு கண்ணிலும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்.

இனி ஒருமுறை நேர்ந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வைக்கலாம். கசக்கவே கூடாது. பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போட வேண்டும். கண்ணீர் போன்ற ஈரச் சொட்டு மருந்துகளை விடலாம். காலையில் கண் மருத்துவரிடம் காட்டினால், தொற்று வராமல் இருக்கக் களிம்பு தருவார். தேவைப்பட்டால் கண் பாப்பாவை (கருவிழிக்கு நடுவில் தெரியும் துளையை) விரிக்கும் சொட்டு விட்டு உள்வலியைத் தணிப்பார். பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் ஆறிவிடும்.

தாய்ப்பால் விடச் சொன்ன அக்கா அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் தோல் உரிந்த கண்ணுக்கு அது கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். உருளைக்கிழங்குச் சாறு, விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம்.

அந்தச் சொட்டை இத்தனை நாள் விட்டிருப்பதால், இப்போது வலி இல்லாவிட்டாலும் தம்பியை ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புட்டியையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டருக்கு 11ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்ட கைக்கேடயம் கொடுத்திருக்கிறேன். கையாள்களுக்குச் சாதாரண கூலிங் கிளாஸ் வாங்கித் தந்தேன். அது போதும்தானே?
– வாசகர், கோவை

பதில்: போதாது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி; கேட்கும் முதலாளிகள் குறைவு.

என்னிடம் இந்த வலியோடு வருபவர்களில் வெல்டரைவிடக் கையாள்தான் அதிகம். அவன் செய்யும் வேலையைப் பாருங்கள். பட்டையை மூலைமட்டத்துக்குச் சரியாகப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையும் இரும்பில். வெல்டர் 'டேக்' (பட்டை நகராமல் இருக்க முதலில் வைக்கும் சின்னப் பற்று) வைக்கும்போது முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொள்கிறான். ராடு பொறி விட்ட பிறகுதான் இமை மூடுகிறது. அந்த ஒரு நொடி ஒரு நாளில் எத்தனை முறை வரும்? ஒரு கேட்டுக்கே எத்தனை டேக்!

கூலிங் கிளாஸில் பக்கவாட்டு முழுக்கத் திறந்திருக்கிறது. அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தரத்தில் இல்லையென்றால் ஆபத்து இன்னும் கூடும். இருட்டில் கண் பாப்பா விரிந்து கூடுதல் கதிர் உள்ளே போகும். கையை எடுக்க முடியாத கையாளுக்குத் தலையில் மாட்டும் கேடயம் வேண்டும், வெல்டருக்குப் போட்ட அதே நம்பர் கண்ணாடியோடு. தானே கறுக்கும் ஹெல்மெட் வாங்க முடிந்தால் இருவருக்கும் நல்லது. தரமானதாக இருந்தால் கறுக்காத நிலையிலும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். சற்றுத் தள்ளி நின்று எடுத்துக் கொடுக்கும் ஆட்களுக்குப் பக்கம் மூடிய பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்; ஆனால் அவர்களும் ஒளியை நேராகப் பார்க்கக் கூடாது.

கண்ணாடியின் கறுப்பைக் குறிக்கும் நம்பரைப் பொறுத்தவரை, பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் பருமனுள்ள ராடுகளுக்கு, அதாவது சுமார் 160 ஆம்பியர் வரை, 10 அல்லது 11 சரி. அதற்கு மேல் 250 ஆம்பியர் வரை 12 போடுங்கள். கண்ணாடியில் கீறலோ விரிசலோ இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். ஒரு கிலோ ராடு விற்கும் விலைகூட அதற்கு ஆகாது.

அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் கதிரைத் திருப்பி அடிக்கும். வெல்டருக்கே கேடயத்தின் பின்பக்கமாக வந்து படுவது இப்படித்தான். தகடுகளைப் பின்னால் சாய்த்து வைக்காதீர்கள். இரண்டு வெல்டர்கள் அருகருகே வேலை செய்தால் நடுவில் தடுப்பு வையுங்கள். ராடு வைக்கும் முன் சத்தமாகச் சொல்லிவிட்டு வைக்கும் பழக்கத்தை வெல்டர்களுக்குக் கண்டிப்பாக ஏற்படுத்துங்கள்.

2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில் சேர்த்தது. அந்த முடிவுக்கு அடிப்படை கண்ணுக்குள் வரும் புற்றுதான். அது அரிது. ஆனாலும் ஓரிரவு வலியோடு போகும் விஷயம் என்று யாரும் இதை விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: வீட்டு வாசலில் கேட் வெல்டிங் நடந்தபோது என் ஆறு வயதுப் பேத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் ஆகிறது, வலி ஏதும் இல்லை. பார்வை போய்விடுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு நாள் வலி இல்லையென்றால் கருவிழி தப்பிவிட்டது, ஐயா. ஒளியை உற்றுப் பார்த்திருந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் பாதிப்பு இருக்கலாம். அதற்கு வலி இருக்காது. ஒவ்வொரு கண்ணாக மூடி, காலண்டர் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் கறுப்பாக மறைக்கிறது, ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது என்றால் விழித்திரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அடுத்த முறை தார்ப்பாய் கட்டிவிட்டு வேலை தொடங்கச் சொல்லுங்கள். தெருவில் போகிறவர்களுக்கும் கண் இருக்கிறது.

கேள்வி: எனக்கு வலது கண்ணில் மட்டும் மூன்று நாளாக உறுத்தல். வெல்டிங் வெளிச்சம்தான் என்கிறார்கள். அன்று கிரைண்டிங்கும் செய்தேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: ஒரு கண், மூன்று நாள், கிரைண்டிங். இது வெளிச்சமாக இருக்க வாய்ப்பு குறைவு; இரும்புத் துகள் கருவிழியில் பதிந்திருக்கலாம். ஒரு நாளிலேயே சுற்றிலும் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். பட்டறை நண்பர் ஊசியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடுகிறேன் என்றால் விடாதீர்கள். இன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்துத் துகளையும் துருவையும் எடுத்துவிடுவார்கள். கிரைண்டிங் செய்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். துகள் கண்ணுக்குள்ளே போயிருக்கலாம் என்ற சந்தேகம் தீரும்வரை, வேறு எந்த நோய்க்காகவும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்பை நகர்த்திவிடும்.