பல சர்வர், ஒரே ஐபி: இணைப்புகளைப் பங்கிடும்போது எழும் சந்தேகங்கள் – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டுகளை எல்ஏசிபி-யில் (பல கார்டுகளை ஒரே கார்டு போல இயக்கும் முறை) சேர்த்திருக்கிறேன் சார். பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்தால் வேகம் 10-ஐத் தாண்டவே இல்லை. கார்டில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. பாக்கெட்டுகளின் வரிசை குலையக் கூடாது என்பதால் ஒரு இணைப்பு முழுவதும் ஒரே கார்டு வழியாகத்தான் போகும். பல இணைப்புகள் இருந்தால்தான் 20-ஐ எட்டலாம். அப்போதும் ஹாஷ் பாலிசியை, அதாவது எந்த இணைப்பு எந்தக் கார்டில் போகும் என்று கணக்கிடும் விதியைப் பாருங்கள். லினக்ஸ் பாண்டிங்கில் (கார்டுகளைச் சேர்க்கும் வசதி) இயல்பாக இருப்பது லேயர் 2, அதாவது மேக் முகவரிக் (கார்டின் வன்பொருள் முகவரி) கணக்கு. எல்லாமே கேட்வே வழியாக வெளியேறினால் மேக் ஒன்றேதான், இன்னொரு கார்டு சும்மா கிடக்கும். ஐபி-யையும் போர்ட்டையும் வைத்துக் கணக்கிடும் லேயர் 3+4-க்கு மாற்றுங்கள். சர்வருக்குள் வரும் பாதையைச் சுவிட்சின் ஹாஷ் முடிவு செய்கிறது, அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

கேள்வி: எல்விஎஸ் (இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லினக்ஸ் லோட் பேலன்சர்), டைரக்ட் ரூட்டிங் (சர்வரின் பதில் பேலன்சர் வழியாகத் திரும்பாமல் நேராகப் போகும் முறை), பின்னால் மூன்று சர்வர்கள். திடீரென்று எல்லா டிராஃபிக்கும் ஒரே சர்வருக்குப் போய்விடுகிறது. ஏன் அண்ணா?

பதில்: ரூட்டரின் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபி எந்த மேக்குக்கு உரியது என்ற பட்டியல்) திறந்து, பொது ஐபி-க்கு நேரே யாருடைய மேக் இருக்கிறது என்று பாருங்கள். அது பேலன்சருடையதாக இல்லாவிட்டால் பின்சர்வர் ஒன்று "அந்த ஐபி என்னுடையது" என்று பதில் சொல்லியிருக்கிறது. டைரக்ட் ரூட்டிங்கில் எல்லா சர்வரிலும் அந்த ஐபி இருந்தாக வேண்டும், ஆனால் பேலன்சர் மட்டுமே வாய் திறக்க வேண்டும். பின்சர்வர்களில் முதலில் கெர்னல் அமைப்புகளான ஏஆர்பி இக்னோரை 1 ஆகவும் ஏஆர்பி அனவுன்ஸை 2 ஆகவும் வையுங்கள். பிறகுதான் லூப்பேக்கில் (சர்வரின் உள் இடைமுகம்) ஐபி-யை /32 ஆக, அதாவது ஒற்றை முகவரியாகச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால், இடைப்பட்ட சில விநாடிகளில் வரும் ஏஆர்பி கேள்விக்குச் சர்வர் பதில் சொல்லிவிடும், ரூட்டரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட் ஸ்கிரிப்டில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: கீப்அலைவ்டி (ஒரு பேலன்சர் விழுந்தால் இன்னொன்று மாஸ்டராகி ஐபி-யை ஏற்கச் செய்யும் நிரல்) ஓடும் இரண்டு பேலன்சர்களும் மாஸ்டர் ஆகிவிடுகின்றன.

பதில்: ஒன்றின் அறிவிப்பு இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த அறிவிப்பைச் சுமக்கும் விஆர்ஆர்பி டிசிபி-யும் இல்லை, யுடிபி-யும் இல்லை. அது ஐபி புரோட்டோகால் 112, போகும் முகவரி 224.0.0.18. ஃபயர்வாலில் போர்ட் திறந்து பயனில்லை, புரோட்டோகாலையே அனுமதிக்க வேண்டும். மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது) போகாத நெட்வொர்க் என்றால் யூனிகாஸ்ட் பியர், அதாவது மற்ற பேலன்சரின் ஐபி-யை நேரடியாகக் கொடுங்கள்.

கேள்வி: ப்ராக்சி ஒரு பின்சர்வருக்கு விநாடிக்கு 500 புது இணைப்புகள் திறக்கிறது. சிறிது நேரத்தில் பிழைகள் வருகின்றன, சிபியு-வோ காலியாகவே இருக்கிறது.

பதில்: வெளியே போகும் இணைப்புகளுக்கான போர்ட் தீர்ந்துவிடுகிறது. லினக்ஸின் இயல்பு வரம்பு 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 போர்ட்கள். ப்ராக்சி முதலில் மூடும் ஒவ்வொரு இணைப்பும் 60 விநாடி டைம்-வெயிட்டில் (மூடிய பின்னும் போர்ட்டைப் பிடித்து வைக்கும் நிலை) கிடக்கும். 28,232-ஐ 60-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 470. ஒரே ஐபி-யிலிருந்து ஒரே ஐபி-போர்ட்டுக்கு உள்ள கூரை அதுதான். முதல் மருந்து, பின்சர்வர் பக்கம் கீப்-அலைவ் போட்டு இணைப்புகளைத் திரும்பப் பயன்படுத்துவது. அதுவும் போதாவிட்டால் ப்ராக்சிக்கு இன்னொரு சோர்ஸ் ஐபி கொடுங்கள், வரம்பு இரட்டிப்பாகும்.

கேள்வி: நான்காவது சர்வரைச் சேர்த்ததும் ஓடிக்கொண்டிருந்த இணைப்புகள் பாதிக்கு மேல் அறுந்தன. பேலன்சர் இணைப்பு அட்டவணை வைத்துக்கொள்வதில்லை, ஹாஷ் மட்டும்தான்.

பதில்: ஹாஷை (இணைப்பின் முகவரிகளிலிருந்து கணக்கிடும் எண்) சர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்க்கும் முறையாக இருக்கும். மூன்று நான்கானால் நான்கில் மூன்று பங்கு இணைப்புகள் இடம் மாறும். போய்ச் சேரும் சர்வருக்கு அந்த இணைப்பே தெரியாது, ரீசெட் அனுப்பிவிடும். கன்சிஸ்டென்ட் ஹாஷிங்கில் (சர்வர் கூடினாலும் பெரும்பாலான இணைப்புகளை இடம் மாற்றாத முறை) ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் நகரும். அதுவும் அறுபடக் கூடாது என்றால் பேலன்சரில் இணைப்பு அட்டவணை வேண்டும். எல்விஎஸ் அப்படி வைத்துக்கொள்கிறது. அதில் ஒரு சர்வரை எடுக்கும்போது வெயிட்டை (அதற்குப் போகும் பங்கின் அளவு) 0 ஆக்கினால் புது இணைப்புகள் அங்கே போகாது, பழையவை தொடரும். அவை முடிந்த பிறகு கழற்றுங்கள்.