எந்த மக்கள்?

கேள்வி: வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கக் குண்டு வைத்த ஐ.ஆர்.ஏ.வை மக்கள் வெறுத்தார்கள் என்கிறார்கள். அதே இயக்கத்தின் பாபி சாண்ட்ஸ், அரசியல் கைதியாக நடத்தக் கோரிச் சிறையில் உண்ணாவிரதம் இருந்ததும் மக்களே அவரை எம்.பி. ஆக்கினார்களே, இது என்ன கணக்கு? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: எந்த மக்கள் ஐயா? 'மக்கள் கொதித்தெழுந்தனர்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எத்தனை பேர், எந்தத் தெருவில் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது என் வழக்கம். இதனால் எங்கள் உதவி ஆசிரியர்கள் மூன்று பேர் கொதித்தெழுந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை அப்படியே அச்சிடலாம், எண்ணிக்கையும் இருக்கிறது, தெருவும் தெரியும்.

சரி, வட அயர்லாந்துக்கு வருவோம். 1981 ஏப்ரல் 9 இடைத்தேர்தலில் சாண்ட்ஸுக்கு 30,493 ஓட்டு, பிரிட்டனோடே இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களின் கட்சியான யூனியனிஸ்ட் வேட்பாளர் ஹாரி வெஸ்டுக்கு 29,046. களத்தில் இவர்கள் இருவர்தான். துப்பாக்கியே பிடிக்காத கத்தோலிக்கர் என்ன செய்வார்? வெஸ்டுக்குக் குத்த கை வராது. 'ஜெயித்தால் ஆள் பிழைப்பான்' என்று வேறு வீடு வீடாகச் சொன்னார்கள். குத்திவிட்டார். அந்த 29,046 பேருக்கோ, பக்கத்து வீட்டுக்காரரே கொலைகாரருக்கு ஓட்டுப் போட்டதாகத்தான் பட்டது. அதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மறு வருஷம் சட்டமன்றத் தேர்தலில் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் கட்சியான சின் ஃபெயினுக்கு விழுந்தது சுமார் 10 சதவீதம்தான். ஆளுக்கு இரங்கியவர்கள் எல்லாரும் ஆயுதத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை.

அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு இந்த வித்தியாசம் புரியவேயில்லை. குற்றம் குற்றம்தான் என்று உட்கார்ந்துவிட்டார். சாண்ட்ஸ் 66ஆம் நாள் இறந்தார். உண்ணாவிரதத்தில் இறந்த கைதிகள் அவரையும் சேர்த்துப் பத்துப் பேர். அக்டோபரில் போராட்டம் முடிந்த சில நாட்களிலேயே கைதிகள் சொந்த உடை போட்டுக்கொள்ள அனுமதி வந்தது. முதல் கோரிக்கையே அதுதான்! நடுவில், கைதிகள் தேர்தலில் நிற்கக் கூடாதென்று லண்டனில் அவசரமாகச் சட்டம். சாண்ட்ஸின் தேர்தல் ஏஜென்ட் ஓவன் காரன் ஆகஸ்டில் அதே தொகுதியில் நின்று அவரைவிட அதிக ஓட்டு வாங்கினார்.

இதற்கிடையே டெஹ்ரானில், பிரிட்டிஷ் தூதரகம் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தெருவுக்கு பாபி சாண்ட்ஸ் பெயரை வைத்துவிட்டார்கள். முகவரியில் அந்தப் பெயர் வராமலிருக்க, தூதரகம் வேறு தெருப் பக்கமாக வாசலைத் திறந்துகொண்டது என்பார்கள். தெருப் பெயர் மாற்றத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்து எழுதுபவன் நான். நம் ஊரில் எந்தப் பெயர் வைத்தாலும் ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைத்தான் சொல்ல வேண்டும். அங்கே கட்டடமே வாசலை மாற்றிக்கொண்டது. இந்த ஒரு தெருவுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன்.